சாயங்கால ரோபோ வகுப்பு: மூன்று மாதம், இரண்டு பிள்ளைகள், ஒன்பது செத்த பேட்டரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வகுப்பின் பெயரை இங்கே போடவில்லை. ராமநாதபுரம் டவுனுக்குள் ஒரு மாடியில் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் நடத்துகிற சின்ன இடம். நல்லதும் சொல்லப்போகிறேன், குறையும் சொல்லப்போகிறேன், என் குறையால் அவர்கள் பிழைப்பில் மண் விழ வேண்டாம். ஆனால் மண்டபம், உச்சிப்புளி பக்கத்திலிருந்து "பிள்ளையை ரோபோட்டிக்ஸ் கிளாஸில் விட்டீங்களாமே, எப்படி, சேர்க்கலாமா" என்று இதுவரை நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் போனில் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நான் மண்டபத்தில் போட் இன்ஜின் வேலை பார்க்கிறவன். படிப்பு ஐடிஐ, டீசல் மெக்கானிக். மகள் ஒன்பதாவது, தமிழ் மீடியம். மச்சினன் மகன் ஏழாவது. இரண்டு பேரும் ராமநாதபுரத்தில்தான் படிக்கிறார்கள் என்பதால் பள்ளி விட்டதும் நேராக வகுப்புக்குப் போய்விடலாம் என்று சேர்த்தோம். ஆறாவது முதல் எட்டாவது வரை ஒரு பேட்ச், அதை அந்த அம்மா பார்க்கிறார், பிள்ளைகள் மிஸ் என்கிறார்கள். ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை இன்னொரு பேட்ச், அதைச் சார் பார்க்கிறார். செவ்வாய், வியாழன் மாலை 4.45 முதல் 6.30 வரை, சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம். மூன்று மாதத்துக்குத் தலைக்கு 6,000 ரூபாய், கிட்டுக்குத் தனியாக 3,200.

பணம் கட்டும் விஷயத்தை முதலில் பேசிவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. எனக்கு அப்போதுதான் வேலை அதிகம், போட்டெல்லாம் கரையேற்றி இன்ஜினைப் பிரிப்பது அந்த இரண்டு மாதத்தில்தான், ஆனால் பார்த்த வேலைக்குக் காசு, போட் கடலுக்குப் போய் நாலு பாடு மீன் ஏற்றி வந்த பிறகுதான் கைக்கு வரும். இவர்கள் ஜூன் முதல் வாரத்திலேயே முழுப் பணத்தையும் கட்டு என்கிறார்கள். டவுனில் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது சரி, கடற்கரைக்காரனுக்கு அது ஆகாத மாதம். போய்ப் பேசினேன், இரண்டு தவணையாக வாங்கிக்கொண்டார்கள். கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்காதவர்களுக்குச் சொல்வதில்லை. கேளுங்கள்.

கிட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டு (நாம் எழுதும் புரோகிராமை ஓட்டுகிற குட்டிக் கம்ப்யூட்டர்), ஒயரைக் குத்தி இணைக்கிற பிரெட்போர்டு, ஒரு கட்டு ஜம்பர் ஒயர், மஞ்சள் மோட்டார் இரண்டு, சக்கரம், போர்டு சொல்கிறபடி மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற மோட்டார் டிரைவர், தூரம் அளக்கிற அல்ட்ராசானிக் சென்சார், கறுப்பு வெள்ளை பிரித்துப் பார்க்கிற ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் இரண்டு, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கிற குட்டி சர்வோ மோட்டார் ஒன்று, எல்இடி, ரெசிஸ்டர், அக்ரிலிக் அடித்தட்டு. இதே சாமான்களை ஆன்லைனில் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன், அனுப்பும் செலவோடு 1,900 வந்தது. போர்டு நகல்தான். நகல் என்றதும் டூப்ளிகேட் என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள், ஆர்டுயினோ 2005-ல் இத்தாலியில் மாணவர்களுக்காக மலிவாகச் செய்த போர்டு, அதன் வரைபடத்தைச் செய்தவர்களே எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டார்கள், யாரும் செய்து விற்கலாம். நகல் போர்டும் நன்றாகவே ஓடுகிறது. என் சண்டை, நகலைக் கொடுத்துவிட்டு ரசீதில் ஒரிஜினல் என்று எழுதியதற்கு. அதைக் கேட்டபோது மிஸ் முகம் சுருங்கிவிட்டது, சரி, மேலே பேசவில்லை. இப்போது சேர்கிறவர்கள் "கிட் நாங்களே வாங்கிக்கொள்கிறோம், லிஸ்ட் மட்டும் கொடுங்கள்" என்று கேளுங்கள். மறுக்கவில்லையாம், போன வாரம் ஒருவர் அப்படித்தான் சேர்த்தார்.

இனி அந்த ஒன்பது பேட்டரி. கிட்டோடு ஒரு சதுர 9 வோல்ட் பேட்டரி தந்தார்கள், கடைகளில் 25, 30 ரூபாய்க்குக் கிடைக்குமே, அது. இரண்டாவது வாரம் மகள் அந்தக் கிட்டில் உள்ள ரோபோ வண்டியைக் கூட்டி முடித்தாள். மேசை மேல் தூக்கிப் பிடித்தால் சக்கரம் சுற்றுகிறது, தரையில் விட்டால் ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிடுகிறது, போர்டில் விளக்கு அணைந்து மறுபடி எரிகிறது, மறுபடி ஒரு துடிப்பு. புரோகிராம் தப்பு என்று நினைத்து மூன்று நாள் புரோகிராமையே மாற்றி மாற்றி எழுதினாள். பேட்டரி தீர்ந்துபோச்சு என்று புதுசு வாங்கிப் போடுவோம், பத்து நிமிஷம் ஓடும், மறுபடி அதே கதை. இப்படி ஒன்பது பேட்டரி. கடைசியில் ஒருநாள் நான் பட்டறையிலிருந்து மல்டிமீட்டரைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன், சும்மா இருக்கும்போது 9-க்குப் பக்கம் காட்டுகிறது, மோட்டார் கிளம்பும் நொடியில் 5-க்குக் கீழே விழுகிறது. இது எங்களுக்குத் தினமும் பார்க்கிற விஷயம், பேட்டரி டவுனான வண்டியில் செல்ஃப் அடித்தால் ஹெட்லைட் மங்குமே, அதேதான். அந்தச் சதுர பேட்டரி உள்ளே ஆறு குட்டி செல், ஸ்மோக் அலாரம், மீட்டர் மாதிரி கொஞ்சமாகக் கரண்ட் குடிக்கிற சாமானுக்குச் செய்தது, மோட்டார் இழுக்கிற கரண்டை அதால் கொடுக்க முடியாது. வோல்டேஜ் விழுந்ததும் போர்டு மயங்கி ரீசெட் ஆகிறது.

வியாழக்கிழமை சாரிடம் போய்ச் சொன்னேன், மெக்கானிக் வந்து எனக்குப் பாடம் எடுக்கிறானா என்று நினைப்பாரோ என்ற தயக்கத்தோடுதான். அவர் என் மகள் கையிலேயே மீட்டரைக் கொடுத்து, எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, மோட்டாரை ஓட விட்டு அளக்கச் சொன்னார். பதினோரு பிள்ளைகளும் வரிசையாக அளந்தார்கள். அடுத்த வாரம் 18650 என்கிற, சார்ஜ் போடுகிற செல் இரண்டு இரண்டாக வந்துவிட்டது. 18 மில்லிமீட்டர் குண்டு, 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். ஒன்று 3.7 வோல்ட், இரண்டைத் தொடராகப் போட்டால் 7.4, மோட்டார் டிரைவர் தானே ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கிவிடும், மீதி அந்த மஞ்சள் மோட்டாருக்குச் சரியாகப் போகும். எனக்கு அந்தச் சார் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான். ஆனாலும் ஒரு கேள்வி உண்டு, மூன்று வருஷமாக நடத்துகிறவருக்கு அந்த பேட்டரி ஆகாது என்று முன்பே தெரியாமலா இருந்திருக்கும்? கிட்டை மொத்தமாக வாங்கும் இடத்தில் அதுதான் மலிவாக வருகிறது போல. அந்த ஒன்பது பேட்டரி காசு யார் கணக்கு?

ஒரு எச்சரிக்கை, 18650 லித்தியம் செல். பிளஸ்ஸும் மைனஸும் தொட்டுக்கொண்டால் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய செல்லை மலிவாக விற்கிறார்கள், வாங்காதீர்கள். அதற்கென்று உள்ள சார்ஜரில்தான் போட வேண்டும். என் மகளின் செல்லை வகுப்பிலேயே சார்ஜ் போட்டுத் தருகிறார்கள், அது நல்ல ஏற்பாடு.

சார் பேட்ச் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. அவர் பிள்ளைகளின் போர்டைத் தொடுவதே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். "சார், ஓடலை" என்றால் "எது ஓடலை?" என்பார். "வண்டி ஓடலை" என்றால் "வண்டியில எது?" என்பார். மோட்டாரா, டிரைவரா, ஒயரா, புரோகிராமா என்று பிள்ளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வர வேண்டும். என் பட்டறையில் பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு இரண்டு வருஷம் ஆகிறது, இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் உடனே நாசிலைக் கழற்றாதே, டீசல் வருதா பார், காற்று ஏறியிருக்கா பார் என்று. மகள் இப்போது வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றாலும் முதலில் பிளக்கை வேறு சுவிட்சில் போட்டுப் பார்க்கிறாள்.

அல்ட்ராசானிக் சென்சார் வகுப்பன்று நானும் சும்மா பின்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கண் மாதிரி இருக்கிற அந்தச் சாமான், ஒரு கண்ணிலிருந்து 40 கிலோஹெர்ட்ஸ் சத்தத்தை அனுப்பும், மனுஷக் காது 20-க்கு மேல் கேட்காது என்பதால் நமக்குத் தெரியாது, எதிரொலி அடுத்த கண்ணில் வந்து சேர எத்தனை மைக்ரோ செகண்ட் என்று எண்ணும். அந்த எண்ணிக்கையை 58-ஆல் வகுத்தால் தூரம் செ.மீ.-ல் வந்துவிடும். ஏன் 58 என்று ஒரு பையன் கேட்டான். சத்தத்தின் வேகம், போய்த் திரும்புகிற இரட்டைத் தூரம் என்று சார் பலகையில் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கும்போது என் மகள் "சார், இது போட்டுல கடல் ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டர்தானே" என்றாள். சார் ஊர் உள்நாடு, பரமக்குடிப் பக்கம், போட் ஏறியதில்லையாம். அவரே "சரி, அப்ப தண்ணிக்குள்ள 58 போட்டா சரியா வருமா?" என்று திருப்பிக் கேட்டார். காற்றில் சத்தம் நொடிக்கு 340 மீட்டர் சொச்சம், கடல்தண்ணீரில் 1,500 மீட்டர் சுமார், நாலு மடங்குக்கும் மேல், அப்போது வகுக்கிற எண்ணும் மாற வேண்டும் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். இருபது வருஷமாக எக்கோ சவுண்டருக்கு ஒயர் மாட்டுகிறேன், இந்தக் கணக்கை நான் போட்டதில்லை.

கோடு பிடித்து ஓடும் வண்டிக்குத் தளம், ஏதோ ஒரு கல்யாண பிளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கம், அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப். திருப்பிப் பார்த்தால் மாப்பிள்ளை சிரிக்கிறார். அந்த அறைக்கு மேற்கே பெரிய ஜன்னல், ஐந்து மணி வெயில் நேராக உள்ளே விழும், வெயிலிலேயே அகச்சிவப்பு ஒளி கொட்டிக் கிடப்பதால் ஐஆர் சென்சாருக்குக் கறுப்பும் வெள்ளையும் தெரியாமல் போய்விடுகிறது. பெட்ஷீட்டைக் கட்டி மறைத்தார்கள், கச்சான் காற்றில் அதுவும் நிற்கவில்லை. 6,000 வாங்குகிற இடத்தில் ஒரு திரை போடக்கூடாதா? அப்புறம் வண்டி கோட்டின் இரண்டு பக்கமும் குடிகாரன் மாதிரி ஆடி ஆடிப் போகும், கொஞ்சம் விலகினாலும் முழுத் திருப்பு திருப்புவதால். எவ்வளவு விலகியதோ அவ்வளவு மட்டும் திருப்பு என்று எழுத வைத்தார், அதற்கு இன்னும் மூன்று ஐஆர் சென்சார் சேர்க்க வேண்டியிருந்தது. சுக்கான் பிடிக்கத் தெரியாதவன் போட்டைப் பாம்பு மாதிரி ஓட்டுவானே, அதே கதை என்று சாரிடம் சொன்னேன், அடுத்த வகுப்பில் அதை உதாரணமாகவே சொன்னாராம்.

எல்லாவற்றிலும் உருப்படியானது பாலம். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் பாலத்தில் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் மேலே போகிறது, 1914-ல் திறந்த பழைய பாலம் நடுவில் இரண்டு கையாகப் பிரிந்து எழும்பியது, ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். மண்டபத்துப் பிள்ளை வேறு எதைச் செய்யும், மகளும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் நூற்றில் ஒரு பங்கு அளவில் புதிய பாலத்தைச் செய்ய இறங்கினார்கள், 72.5 செ.மீ. நீளம், 17 செ.மீ. உயரம். கிட்டில் இருந்த சர்வோ 9 கிராம் எடை, உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம், ஒரு செ.மீ. ஆரத்தில் 1.8 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கிறது. அரை வட்டம்தான் சுற்றும் என்பதால் 17 செ.மீ. கயிறு இழுக்க ஐந்தரை செ.மீ. ஆரத்தில் சக்கரம் வேண்டும், ஒரு டப்பா மூடியை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆரத்தில் இந்த சர்வோ இழுப்பது 330 கிராம்தான். இவர்கள் செய்த பாலத்துண்டு 600 கிராம். சர்வோ கொசு மாதிரி ரீங்காரம் போட்டது, ஒரு இஞ்சுகூட நகரவில்லை, மூன்றாவது நாள் உள்ளே பல் உடைந்து "கிர்" என்று சும்மா சுற்ற ஆரம்பித்தது.

பெரிய மோட்டார் வாங்கித் தாருங்கள் சார் என்று கேட்டார்கள். கை பின்னாலேயே கட்டியிருக்கிறது. "நிஜப் பாலத்துல அவ்வளவு எடையையும் மோட்டாரே தூக்குதுன்னு நினைக்கிறீங்களா? போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை மகளை பாம்பன் ரோடு பாலத்துக்கு வண்டியில் கூட்டிப்போனேன், அங்கிருந்து பார்த்தால் ரயில் பாலத்தின் இரண்டு கோபுரமும் நன்றாகத் தெரியும். அன்று பாலம் தூக்கவில்லை. காற்று வேறு ஆளைத் தள்ளுகிறது. ஆனால் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "அப்பா, கோபுரத்துல இருந்து இன்னொரு பக்கம் ஏதோ எடை தொங்கணும், கிணத்து ஏற்றம் மாதிரி" என்றாள். பட்டறையிலிருந்து பழைய நட்டுகளை எடை பார்த்து எடுத்துக் கொடுத்தேன், பக்கத்துக்கு 300 கிராம் வீதம் தங்கூசி நரம்பில் கோத்து, கோபுரத்து உச்சிக் கப்பி வழியாகத் தொங்கவிட்டார்கள். புது சர்வோ போட்டதும் 600 கிராம் பாலம் சத்தமே இல்லாமல் மேலே போனது. இப்போது அது தூக்குவது பாலத்தை அல்ல, கப்பியின் உராய்வை மட்டும்தான். அன்று மகள் சாப்பிடவில்லை, பாலத்தைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள், அவள் அம்மா கத்தியும் கேட்கவில்லை.

சின்ன பேட்ச் பக்கம் வந்தால் கதை வேறு. எட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று லேப்டாப். ஸ்க்ராட்ச் என்கிற பிள்ளைகளுக்கான புரோகிராம் மென்பொருளில் கட்டங்களை இழுத்துப் போட்டு பூனையை நடக்க வைப்பதில் ஒரு மாதம் போனது, அது தப்பில்லை, அந்த வயசுக்கு அப்படித்தான் தொடங்க வேண்டும். ஆனால் வண்டி கூட்டும்போது மிஸ் பொறுமையாக இல்லை. பிள்ளை ஒயரைத் தப்பாக மாட்டினால் அவரே பிடுங்கிச் சரியாக மாட்டிவிடுகிறார், ஏனென்றால் சனிக்கிழமை வீடியோ எடுத்து பெற்றோர் குரூப்பில் போட வேண்டும், எல்லா வண்டியும் ஓட வேண்டும். மச்சினன் மகனின் வண்டி வீடியோவில் ஜோராக ஓடியது. வீட்டில் ஒயர் ஒன்று கழன்றதும் எங்கே மாட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரே மாடி, ஒரே கட்டணம், இரண்டு பேட்சுக்கும் இவ்வளவு வித்தியாசம். சார் ஒரு நாளாவது அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும்.

பாடத்தாள் எல்லாம் இங்கிலீஷ். புரோகிராம் இங்கிலீஷில்தான் இருக்கும், அது எல்லோருக்கும் அப்படித்தான், ஆனால் விளக்கத்தையாவது தமிழில் எழுதித் தரலாம். சார் வாயால் நல்ல தமிழில் சொல்கிறார், வீட்டுக்கு வந்து தாளைப் பார்த்தால் மகளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் தனக்கென ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொள்கிறாள், இப்போது மற்ற பிள்ளைகள் அதை ஜெராக்ஸ் எடுக்கிறார்களாம்.

போட்டி என்று ஒன்று வந்தது. இரண்டாவது மாதக் கடைசியில், வெளியூரில், தலைக்கு 1,800 ரூபாய், பஸ் செலவு தனி. நோட்டீஸில் வழக்கம்போல் கலாம் படம், நம்ம மாவட்டத்தில் அவர் படம் இல்லாமல் டியூஷன் போர்டு கிடையாது. அந்த ஒரு வாரம் மட்டும் சாரின் கை முன்னால் வந்துவிட்டது. புரோகிராம் அவர் எழுதியது, வண்டி அவர் டியூன் செய்தது, பிள்ளைகள் பட்டனை அமுக்கினார்கள். போன எல்லோருக்கும் பதக்கம், எல்லோருக்கும் சர்டிபிகேட். நான் மகளை அனுப்பவில்லை, அவளும் அழவில்லை, பாலம் செய்வதில் இருந்தாள். போட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை, 2004 முதல் நடக்கிற வேர்ல்டு ரோபோட் ஒலிம்பியாட் மாதிரி விதிமுறையை முன்கூட்டியே எல்லோருக்கும் திறந்து போடுகிற போட்டிகள் இருக்கின்றன, விதியைப் படித்துவிட்டு, பிள்ளையே செய்ததைக் கொண்டுபோகிற போட்டிக்குக் காசு கட்டுங்கள்.

கடற்கரையில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம், இதை வகுப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள். உப்புக்காற்றில் ஜம்பர் ஒயரின் முனை ஒரு மாதத்தில் பச்சை பூத்துவிடுகிறது, உள்ளே தொடர்பு விட்டு விட்டு வருகிறது, பிள்ளை புரோகிராமைக் குறை சொல்கிறது. கிட்டை மூடி இறுகிய டப்பாவில் போட்டு, செருப்புப் பெட்டியில் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதை நாலைந்து போட்டு வையுங்கள். ஜன்னலோரம் வைக்கவே வேண்டாம்.

பணம் கட்டும் முன் உங்கள் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் இருக்கிறதா என்று கேளுங்கள், ஆறாவது முதல் பிளஸ் டூ வரை உள்ள பிள்ளைகளுக்காக மத்திய அரசின் நிதி ஆயோக் தேர்ந்தெடுத்த பள்ளிகளில் வைத்தது, 20 லட்சம் வரை மானியம், இதே ஆர்டுயினோவும் சென்சாரும் அங்கே பூட்டிக் கிடந்தாலும் கிடக்கும், சாவி யாரிடம் என்று விசாரியுங்கள். டிங்கர்கேட் என்று இலவசமாக ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டர் திரையிலேயே ஒயர் மாட்டி, புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்க்கலாம், அதில் தப்பாக மாட்டினால் படத்தில்தான் எல்இடி வெடிக்கும். ஒரு மாதம் அதில் உட்காருகிற பிள்ளைதானா என்று பார்த்துவிட்டுக் கிட் வாங்கலாம்.

ஆக, ஒன்பதாவதுக்கு மேலே என்றால் தாராளமாகச் சேருங்கள், சின்னப் பிள்ளை என்றால் இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள். மச்சினன் மகன் நின்றுவிட்டான், புட்பால் போகிறானாம். மகள் அடுத்த மூன்று மாதத்துக்கும் பேர் கொடுத்துவிட்டாள், கடையில் கருவாடு காயப்போடுகிற அவள் பெரியம்மாவுக்கு மழைத்துளி பட்டதும் மணி அடிக்கிற சாமான் ஒன்று செய்யப்போகிறாளாம்.

எனக்கு இருக்கிற தலைவலி பஸ்தான். 6.30-க்கு விட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, நிற்க இடம் கிடைத்து, மண்டபம் வந்து சேர எட்டு ஆகிவிடுகிறது, மழைக்காலம் வந்தால் ஆறரைக்கே இருட்டு. இப்போது பட்டறையை அடைத்துவிட்டு நானே பைக்கில் போய்க் கூட்டி வருகிறேன். மண்டபம், உச்சிப்புளி பக்கம் யாராவது செவ்வாய், வியாழன் பிள்ளையை அனுப்புவதாக இருந்தால் சொல்லுங்கள், எந்த வகுப்பு என்று நேரில் சொல்கிறேன், ஒரு ஷேர் ஆட்டோ பேசிக்கொள்ளலாம். நாலு பிள்ளை சேர்ந்தால் ஆட்டோக்காரர் வருகிறேன் என்கிறார், இப்போதைக்கு இரண்டு இருக்கிறது.